விழப்போகிற பல்

சௌந்திரத்தின் வலது கன்னம் அன்று காலையில் கண்ணை மூடும் அளவுக்கு வீங்கியிருந்தது. நாலு வயசுக் குழந்தை. மூன்று நாளாகக் கம்மங்கூழ்கூட உள்ளே இறங்கவில்லை. ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டு, கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். வீறிட்டு அழுதிருந்தால் மயிலம்மாள் ஓர் அதட்டல் போட்டிருப்பாள். இந்த அழுகையை அவளால் பார்க்க முடியவில்லை.

முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பாப்பாயி, பல்லில் பூச்சி என்று சொல்லிக் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடிக்க வைத்தாள். குழந்தை இருமி இருமி வாந்தியெடுத்ததுதான் மிச்சம். பூச்சி எதுவும் விழவில்லை. "உழுகற பல்லுக்கு ஏன் இந்தப் பாடு? ஆறு வயசானா தானா உழுந்துரும், உடு மயிலா" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மயிலம்மாளும் ஒரு வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தாள். முன்பற்கள் நாலும் முதலில் பழுப்பாகி, பிறகு புளியங்கொட்டைபோலக் கறுத்து, ஈறு வரைக்கும் பொடிந்துபோனதை அவள் பார்க்காமல் இல்லை. பார்த்தும் அந்தப் பக்கம் மனசை விடாமல் இருந்தாள். காரணம் அவளுக்கே தெரியும். வெண்ணந்தூர்க் காடுகளில் கடலைக்குக் களை வெட்டப் போகும்போது வேப்பமரத்தில் தூளி கட்டி, கிழிந்த சேலைத்துண்டில் வெல்லத்தைப் பொட்டணமாக முடிந்து, தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்துவிடுவாள். உச்சிப்பொழுது வரைக்கும் தூளியில் சத்தம் வராது. சத்தம் வந்தால் காட்டுக்காரர், "புள்ள பாக்கறதுன்னா ஊட்டுலயே இரு" என்பார். பழகிப்போன குழந்தை தூங்கவும் அந்தத் துணியைத்தான் கேட்டது. தம்பி பிறந்து சௌந்திரம் பால்குடி மறந்த பிறகு, அது இல்லாமல் கண்ணே மூடாது. இப்போது எட்டு மாசமாகும் தம்பிக்கும் அதே துணிதான்.

அவள் புருஷன் கந்தவேல் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவன். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். அன்று வந்தவன் மகளின் கன்னத்தைப் பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

"ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போலாம். சின்னவன நீ எடுத்துக்க."

வழியெல்லாம் மயிலம்மாளுக்கு ஒரே நினைப்பு. என்ன கொடுத்தாய் என்று கேட்பார்கள். இவர் முன்னாலேயே கேட்பார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் சாரதாமணி என்ற பெண் டாக்டர். பேச்சில் ஆத்தூர்ப் பக்கத்துச் சாயல் இருந்தது. குழந்தையின் வாயைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு நாளுங்கம்மா."

"வலிதான் மூணு நாள். பல்லு கெட ஆரம்பிச்சு ஒரு வருஷம் இருக்கும். தூங்கும்போது வாயில என்ன வைக்கிறீங்க?"

 மயிலம்மாள் இடுப்பில் இருந்த பையனை மாற்றி வைத்துக்கொண்டாள்.

"வெல்லமுங்க" என்றான் கந்தவேல். "நாந்தானுங்க. மண்டியில செதறுனத வாரந்தவறாம கொண்டாந்து குடுத்தது நாந்தான்."

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு இவள் முகத்தைப் பார்த்தார். "யார் குடுத்ததுன்னு நான் கேக்கல. இனிமே குடுக்கக் கூடாது, அதுக்குத்தான் கேட்டேன்" என்றார்.

கந்தவேல் மகளை மடியில் வைத்துக் கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். வீங்கிய பக்கத்தில் சொத்தையான கடைவாய்ப் பல் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் குறடை வைத்தது தெரிந்தது, எடுத்தது தெரியவில்லை. சௌந்திரம் மூன்று நாளுக்குப் பிறகு முதல்முறையாக ஆஸ்பத்திரி அதிர வீறிட்டாள். பல்லோடு சீழும் ரத்தமும் வந்தன. வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் வாயைத் துடைத்து முடிப்பதற்குள் அழுகை விக்கலாகி, விக்கல் தூக்கமாகி, குழந்தை அப்பனின் தோளில் சாய்ந்துவிட்டது.

"விழற பல்லுன்னு விட்டுட்டீங்க, இல்லையா? இந்தக் கடைவாய்ப் பல்லெல்லாம் விழப் பத்துப் பன்னெண்டு வயசாகும். அதுவரைக்கும் இதுலதான் அவ மெல்லணும். அடியில அடுத்த பல்லு காத்துக்கிட்டு இருக்கு. சீழ் இறங்குனா அதையும் கெடுக்கும்." அவர் எழுந்து வந்து சின்னவனின் கீழுதட்டை விரலால் விலக்கினார். அரிசிபோல இரண்டு பல் முளைத்திருந்தன. "இது ரெண்டும் நல்லா இருக்கு. இதைக் காப்பாத்திருவோம்."

மயிலம்மாளின் ஆள்காட்டி விரலில் சுத்தமான துணியைச் சுற்றி, அவளையே துடைக்கச் சொன்னார். காலையில் ஒருதரம், ராத்திரி தூங்குமுன் ஒருதரம். துடைத்த பிறகு இனிப்பு எதுவும் வாயில் படக்கூடாது. பையன் விரலைக் கடித்துச் சிரித்தான்.

மயிலம்மாளுக்கு அப்போதுதான் வாய் வந்தது. "ஏனுங்கம்மா, காட்டுல அழுவானுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

டாக்டர் பையனின் தலையைத் தடவினார். "நடுவுல ஒருதடவை பால் குடுக்க விடுவாங்களா?"

"தெரியிலீங்க."

"நான் கேக்கறனுங்க" என்றான் கந்தவேல்.

கிளம்பும்போது அவள் டாக்டரின் காலைத் தொடக் குனிந்தாள். அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, "அடுத்த மாசம் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வா. வாயைப் பாக்கணும்" என்றார். இத்தனைக்கும் பிறகு ஒரு வசவுகூட அந்த வாயிலிருந்து வரவில்லை என்பதை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும்தான் மயிலம்மாள் உணர்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

புளியமர நிழல்கள் விழுந்த ரஸ்தாவில் வீடு நோக்கி நடந்தார்கள்.

"ஏனுங்க, நீங்கதான்னு எதுக்குச் சொன்னீங்க?"

"கொண்டாந்தது நாந்தான?"

"வாயில வெச்சது நானுங்க."

"நீ சும்மாவா வெச்ச? களக்கொத்தக் கையில புடிச்சிக்கிட்டுத்தான வெச்ச" என்றான். 

அவள் இன்னும் நாலு எட்டு நடந்தாள். "அக்கட்டத் தோளுக்கு மாத்திக்கங்க. அம்மிணி மொகத்துல வெயிலு படுது" என்றாள்.

அன்று சாயங்காலமே அவன் காட்டுக்காரரிடம் போனான். அவர் வரப்பில் நின்றபடியே கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி, ஒரு தடவ போய்ட்டு வரட்டும்" என்றார். அவ்வளவுதான். முதல் வாரம் சின்னவன் தூளியில் கிடந்து கத்தித்தான் தீர்த்தான். பக்கத்து வரிசையில் களை வெட்டிய பாப்பாயி, இவள் பால் கொடுத்துவிட்டு வரும்வரை இவள் வரிசையையும் சேர்த்து வெட்டினாள். யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை. வாரக் கடைசியில் கந்தவேல் வரும்போது மடியில் வெல்லத்துக்குப் பதில் பொட்டுக்கடலை இருந்தது.

அடுத்த நாள் காலையில் மயிலம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வாசலுக்கு வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். கந்தவேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மூட்டை தூக்கித் தடித்துப்போன விரலில் வெள்ளைத்துணி. சௌந்திரம் அவன் இரண்டு காதுகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கிழக்கே பார்த்து ஆவென்று வாயைத் திறந்திருந்தாள். இளவெயில் அவள் தொண்டை வரைக்கும் போயிருந்தது. அவன், கிணற்றில் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று பார்ப்பவனைப்போல, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.