கோடு வரைக்கும்

தொட்டிக்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். மாடித் தொட்டியோ நிலத்தடித் தொட்டியோ, உள்ளே இறங்கித் தேய்த்துவிட்டால், வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டார். அந்தக் கறாரைத் தன் குடலிலும் காட்டுவார் என்று யார் கண்டார்கள்!

குடலில் ஏதோ கட்டி மாதிரி தெரிகிறதாம். மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். முந்தின நாளே பேதி மருந்து ஒரு பொட்டலம் கரைத்துக் குடித்து, நிறையத் தண்ணீரும் குடித்துவிட்டு வரச் சொல்லிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். இவர் தன் சொந்த யோசனையில் இன்னொரு பொட்டலம் வாங்கி இரண்டையும் குடித்தார். பதினான்கு தடவை போனார். தண்ணீர்? கழுவிய தொட்டியில் எவனாவது தண்ணீர் விடுவானா என்று மனைவியிடமே திருப்பிக் கேட்டார்.

"அங்க வந்து வாயத் தொறந்துடாத. அஞ்சு வாரம் காத்திருந்து கெடச்ச தேதி" என்றும் சொல்லி வைத்திருந்தார். அவளும் வாயைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அவருக்கு உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. ஆனாலும் மணி அடித்தாற்போல அவளுடைய பாட்டிலைத் திறந்து நீட்டினார். பாட்டில் பக்கவாட்டில் பெயிண்டால் கோடு கோடாகப் போட்டிருப்பார், மணிக்கு ஒரு கோடு. "கோடு வரைக்கும்" என்பார். பத்தொன்பது வருஷமாக இதே பாட்டுதான். நாக்கால் உதட்டைத் தடவியபடி அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் குடித்தாள். இறங்கிய தண்ணீர் அவளுக்குச் சுட்டது.

உள்ளே ஸ்கேன் எடுக்கும் பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். சர்க்கரை உண்டா? இல்லை. சிறுநீரகத்தில் கோளாறு? இல்லை. ஆபரேஷன் ஏதாவது? அதற்கும் இல்லை என்று கூசாமல் சொன்னார் மனிதர். மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் சமாசாரத்தைத்தான் மறைப்பார் என்று நினைத்திருந்தாள்.

"இந்த மருந்து கிட்னி வழியாத்தான் ஐயா வெளிய போகும். பேதியாகி ஒடம்பு வத்திக் கெடந்தா அது தாங்காது. நல்லா தண்ணி குடிச்சீங்கல்ல?"

குடம் குடமாகக் குடித்தேன் என்றார். அந்தப் பெண் ஊசியை எடுத்தாள். தேதி போனால் கட்டி வளருமோ, இவர் ஆயுசுக்கும் பேசாமல் இருந்துவிடுவாரோ என்று மனைவிக்குப் பதைத்தது. கை தன்னால் வலது அடிவயிற்றுக்குப் போனது.

"நில்லும்மா" என்றாள். "ராத்திரியிலேருந்து சொட்டுத் தண்ணி குடிக்கல. மருந்தும் ரெண்டு பொட்டலம். அவருக்கு இருக்கிறதே ஒரு கிட்னிதான். இன்னொண்ணு எங்கிட்ட இருக்கு."

அந்தப் பெண் ஊசியை மெல்லத் தட்டில் வைத்தாள். திட்டவில்லை. ஏன் ஐயா சொல்லவில்லை என்று மட்டும் கேட்டாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "குடுத்ததச் சொல்லிக்காட்டுற பழக்கம் எனக்கில்ல" என்றார். மனைவிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இப்படியும் ஒரு மனிதனா!

டாக்டர் வந்து பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இன்றைக்கு அந்த மருந்து வேண்டாம். உடம்பில் நீர் ஏறி, ரத்தப் பரிசோதனை சரியாக வந்தால் நாளை மறுநாளே எடுத்துவிடலாம், தேதி எங்கும் ஓடிவிடாது என்றார். வாயாலும் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். அவள் பாட்டிலைத் திறந்து அவர் வாயருகே நீட்டினாள்.

"கோடு வரைக்கும்" என்றாள்.

அவர் குடித்தார். பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் விரல் கோட்டை விட்டு நகரவில்லை.