நாக்கு நீட்டும் பூனை

வேலையை விட்டுவிட்டுப் பொம்மை செய்யப்போகிறேன் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். "சரி, உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து நான் செய்த ஒரு பொம்மையைக்கூட அந்த மனுஷன் கையால் தொட்டதில்லை. சாப்பாட்டு மேசையில் ஏதாவது கிடந்தால் தட்டாலேயே தள்ளிவிடுவார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நான் செய்த குதிக்கும் தவளை குதிக்கவே மாட்டேன் என்றது. அட்டை அரண்மனையை மடக்க முடிந்ததே தவிர, விரிப்பதற்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு கம்பெனியும் சீந்தவில்லை. கடைசியில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: இந்தப் பூனையும் விலைபோகாவிட்டால் திங்கட்கிழமை நான் பழைய ஆபீசுக்கே போய் உட்கார வேண்டும். என் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று அந்த ஆபீஸ் மேனேஜர் வேறு போன் செய்து தொலைத்தார்.

பூனை என்றால் மரப்பெட்டிக்குள் இருக்கும் பூனை. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் பூனை கண்ணை மூடிக்கொண்டு பரம சாதுவாக மேலே எழும். உச்சிக்கு வந்ததும் கண்ணைத் திறந்து, நாக்கை நீட்டிவிட்டு, உள்ளே போய்விடும். அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருக்கும் சக்கரத்தையும் நூலையும் வழிக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் சுற்றிப் பார்த்தேன், அருமையாக இருந்தது. என் மகள் வாண்டு சுற்றிப் பார்த்தாள், கீழே வைக்கவே மாட்டேன் என்றாள். வேறு யாரிடமும் கொடுத்துப் பார்க்கவில்லை. யோசனையை யாராவது சுட்டுவிடுவார்களோ என்ற பயம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு.

பொம்மைக் கம்பெனியில் நீள மேசை. ஒரு பக்கம் கொள்முதல் அதிகாரி, எதிர்ப்பக்கம் முதலாளியம்மா. அம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று வாசலில் இருந்தவரே என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதிகாரி பெட்டியை எடுத்தார். கைப்பிடி இடது பக்கம் இருந்தது. அவர் பெட்டியை அப்படியே ஒரு திருப்புத் திருப்பி, கைப்பிடியை வலது கைக்குத் தோதாக வைத்துக்கொண்டார். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. நான் இடது கைக்காரி. வாண்டுவும் இடது கைக்காரி. உலகத்தில் பாக்கி முக்கால்வாசிப் பேர் பெட்டியைத் திருப்பித்தான் பிடிப்பார்கள். திருப்பிப் பிடித்தால் பூனையின் முதுகுதான் தெரியும்.

"முதுகுதாங்க தெரியுது. கூடவே ஒரு வால்" என்றார் அதிகாரி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு.

திங்கட்கிழமை என் கண்முன்னால் வந்து நின்றது.

எதிரே களுக்கென்று ஒரு சத்தம். முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை சுத்துங்க."

அவர் சுற்றினார். அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதிகாரி கழுத்தை வளைத்து எட்டிப் பார்ப்பதற்குள் பூனை உள்ளே போய்விட்டது. "அப்படி என்னதாங்க செய்யுது அது?" என்று என்னிடம் கேட்டார். பாவம், அழாத குறை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மன்னிச்சுக்கங்க, என் தப்பு. நான் இடது கைக்காரி. கைப்பிடியை அந்தப் பக்கம் மாத்திக் குடுத்துடறேன்" என்று பெட்டியை எடுக்கப் போனேன்.

அம்மா அதன் மேல் கையை வைத்துவிட்டார். "தொடாதீங்க. சுத்தறவங்களுக்குத் தெரியாதது எதிர்ல இருக்கறவங்களுக்குத் தெரியுதே, அதுதான் விளையாட்டு. மாத்தினா எங்களுக்கு வேண்டாம்."

"அப்போ இடது கைக்காரங்க?"

"அவங்க தனியாவே சிரிச்சுக்கட்டும்" என்றார்.

ஒப்பந்தம் பேசி முடித்து, பூனையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்கு ஜோடியாகச் செய்த இன்னொரு பூனை வீட்டில் இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் வீட்டுக்காரர், செய்தித்தாளை இறக்காமலே.

வாண்டுவை அவருக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு, பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். "சுத்துங்க."

என் முகத்தைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, நான் நினைத்தபடியே, பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு வலது கையால் சுற்றினார். வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி சுற்றினார். அவளுக்கு இருமலே வந்துவிட்டது.

"எதுக்குடி சிரிக்கற?"

"சொல்ல மாட்டேன்பா."

இன்னும் இரண்டு சுற்று பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இந்தா, நீ வந்து சுத்து. நான் அந்தப் பக்கம் வரேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாளும் காத்துக்கிடந்தேன் போலிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல். அவர் இடத்தில் உட்கார்ந்து, பழக்கமில்லாத வலது கையால் தட்டுத்தடுமாறிச் சுற்றினேன். பூனை மெதுவாக மேலே போனது. எனக்கு அதன் முதுகுதான் தெரிந்தது. அதனால் என்ன? அது யாரைப் பார்த்து நாக்கை நீட்டுகிறது என்று எனக்குத் தெரியும். பூனைக்குத் துணையாக நானும் நீட்டினேன்.