சினைக் கோபோ

மீன்வளத்துறை அதிகாரி ஜாட்டா கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து அளவுகோலில் வைத்தான்.

"பன்னெண்டு சென்டிமீட்டர். மத்திக் குஞ்சு. படகைப் பறிமுதல் பண்றேன்."

சிகாவுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. அவன் ஜோலா இனம், அவள் செரேர்; முறைவைத்துக் கேலி பேசும் இனங்கள், ஜோலா ஆளைக் கண்டால் செரேர் பெண் கிண்டலடிக்காமல் விடமாட்டாள். இன்று அதற்குக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. புருஷன் லத்திரின் படகு போனால் மீன் புகையூட்டும் அடுப்பு அணையும், பின்னாலேயே சோற்றடுப்பும் அணையும்.

"மத்தியா? கண்ணு இருக்கா உனக்கு?" மீனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "உடம்பு எவ்வளவு அகலம், பாரு. செவுளுக்குப் பின்னால கறுப்புப் பொட்டு. மேல்தாடை நடுவுல ஒரு வெட்டு, கீழ்த்தாடை நுனி அதுல போய் உக்காருது. செதில் ஓரம் பிரிஞ்ச துணி மாதிரி. இது கோபோ. குஞ்சும் இல்ல, தாய்!"

"எதை வச்சுத் தாய்ங்கிற?"

கத்தியை எடுத்து வயிற்றைக் கீறினாள். மஞ்சள் சினை பிதுங்கியது. அடுத்ததைக் கீறினாள், அதற்கடுத்ததையும். எல்லாம் சினை.

"உப்பு ஏறுன தண்ணில கோபோ பெருசா வளராது. பொடிசுலயே சினை பிடிச்சிடும். உன் அளவுகோலுக்கு அது தெரியுமா?"

கரையிலிருந்த பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஜாட்டா அளவுகோலை எடுத்துக்கொண்டு, படகை விட்டுவிட்டுக் கிளம்பினான்.

பக்கத்து அடுப்புக்காரி மோசான் மட்டும் சிரிக்கவில்லை.

"சிகா, உன் புருஷன் முகத்துவாரத்துல பிடிச்சேன்னுதானே சொன்னான்? இதுல ஒன்றரை மடங்கு ஆகாம அங்க கோபோ சினை பிடிக்காதே. இவ்வளவு பொடிசு சினை, மேல் கழியில மட்டும்தானே இருக்கும்?"

சிரிப்பு நின்றது. கடலைவிட உப்புக் கூடிய அந்தக் கழியைச் சினை மாதங்களில் மூட வேண்டும், மீறினால் மழைக்காலம் முடியும்வரை படகைக் கரையேற்றி வைக்க வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் முதலில் எழுந்து கத்தியவள் சிகாதான்.

அவள் லத்திரைப் பார்த்தாள். அவன் வலையில் இல்லாத கிழிசலைத் தேடிக்கொண்டிருந்தான்.

"மேல் கழிக்கா போன?"

"ஒரே ஒரு தடவைதான், சிகா. யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

"நான்தான்டா எல்லாருக்கும் காட்டிட்டேன்! என் கையாலயே கீறிக் காட்டிட்டேன்!"

கத்தியை மணலில் வீசி எறிந்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகின் கயிற்றைத் தோளில் போட்டுக் கரைப் பக்கம் இழுத்தாள். படகு அசையவில்லை.

"பாத்துட்டு நிக்கிறியே, வந்து தள்ளு!"