தள்ளி நின்று ஒரு ஸலாம்

மருந்துக்கு அடங்காத கிருமி ஒன்று தன் உடம்பில் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது பாக்கியரத்தினத்தாருக்குப் பயத்தைவிட அவமானம்தான் கூட வந்தது. அன்புவழிபுரத்தில் நாளுக்கு இரண்டு தரம் கிணற்றடியில் தோய்ந்து, தேய்த்த சேர்ட்டோடு காணிக் கந்தோருக்கு வேலைக்குப் போய்வந்த மனுசன். கிருமிக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

“உங்களுக்கு வருத்தம், காய்ச்சல் ஒண்டும் இல்லை ஐயா,” என்றாள் தாதி கீர்த்தனி. “அது சும்மா தோலிலை குடியிருக்கு. சலக்குழாய் போட்ட ஆக்களுக்குள்ளை போனாத்தான் கரைச்சல். அதுக்குக் கேக்கிற மருந்து குறைவு.”

சிறுநீர் போகப் போடும் அந்தக் குழாய் என்றதும் அவருக்குப் பக்கத்துக் கட்டில் தாஹிரின் ஞாபகம்தான் வந்தது. தன்னை வார்டின் ஓரத்துத் தனி அறைக்கு மாற்றியபோது மறுக்காமல் போனார்.

பாரிசவாதக்காரரை நடக்கப் பழக்கும் அந்த வார்டில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். பாக்கியரத்தினத்தாருக்கு வலப்பக்கம் விழுந்திருந்தது. குறிஞ்சாக்கேணியில் படகு எஞ்சின் திருத்தும் தாஹிர் நானாவுக்கு இடப்பக்கம். இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு நல்ல கைகள். சோற்றுப் பார்சலை ஒருவர் பிடிக்க, மற்றவர் அவிழ்ப்பார். தோடம்பழமும் அப்படித்தான் உரிபடும். ஆனால் காலையில் ஸலாம் கொடுக்கும்போது மட்டும் தாஹிர் அவருடைய நல்ல இடக்கையைத் தொடமாட்டார். சும்மா கிடக்கும் வலக்கையைத் தூக்கிப் பிடித்துவிட்டு, பிறகு தன் கையை நெஞ்சில் வைப்பார். அந்தக் கையை ஒரு கையாக மதித்தவர் அவர் ஒருவர்தான்.

அறை மாறிய மறுநாளே தாஹிர் சக்கரக் கதிரையை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். கதிரையின் பக்கத்தில் சலப் பை தொங்கியது.

“என்னங்க ஐயா, கையத் தாங்க.”

“வராதேங்கோ நானா! தொடாதேங்கோ!”

நினைத்ததைவிடச் சத்தம் கூடிவிட்டது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“ஓ, தொடப்படாதா?” தாஹிரின் முகம் சுருங்கிப்போயிற்று. கதிரையைத் திருப்பிக்கொண்டு போனவர் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. கீர்த்தனி போய் விளக்கிச் சொன்னாள். “ஓம், விளங்குது,” என்றாராம். விளங்கிய மனுசன் வந்து எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

சனிக்கிழமை தாஹிர் வீட்டுக்குப் போகிறார் என்று தெரிந்தது. இடையில் ஐந்தே நாள்.

“பிள்ளை, இந்தக் கை நெஞ்சு வரைக்கும் எழும்ப எத்தினை நாள் செல்லும்?”

“அப்பிடிச் சொல்ல ஏலாது ஐயா. ஏன்?”

அவர் காரணம் சொல்லவில்லை. பயிற்சிக்குக் கூப்பிட்டால் ஆயிரம் சாட்டுச் சொல்கிறவர், அன்றிலிருந்து மேசையில் துவாயை விரித்து, அதன்மேல் வலக்கையை வைத்து, தன் பக்கம் இழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். புதன்கிழமை ஒரு விரல் அசைந்தது. வெள்ளிக்கிழமை துவாய் ஒரு சாண் நகர்ந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதியதைக்கூட அவர் காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை தாஹிர் வாசலில் கதிரையை நிறுத்தினார். தலையை நிமிர்த்தவில்லை.

“போயிட்டு வாறன் ஐயா.”

“கொஞ்சம் பொறுங்கோ நானா.”

கள்ளத்தனம் செய்துவிடக் கூடாதென்று இடக்கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார் பாக்கியரத்தினத்தார். மடியில் கிடந்த வலக்கை அசைந்தது. மெல்ல எழும்பியது. வயிறு வரை வந்து, அதற்கு மேல் போகமாட்டேன் என்று நின்றுவிட்டது.

தாஹிர் தலையை நிமிர்த்தினார்.

“வயித்துலயா ஸலாம்? பசிக்குதா ஐயா?” கேலி செய்தபடியே தாஹிர் தன் வலக்கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார்.

“நெஞ்சுக்கெண்டுதான் வெளிக்கிட்டது. மிச்சத் தூரம் ஏலாமப் போச்சு.” பாக்கியரத்தினத்தாரின் கண்கள் நிறைந்துவிட்டன. “உங்கட குழாயிலை கிருமி தொத்திப்போகுமெண்டு பயந்துதான் நானா அண்டைக்குக் கத்தினனான்.”

தாஹிர் வாசலைத் தாண்டவில்லை. நெஞ்சுக்குப் போயிருந்த தன் கையை மெதுவாகக் கீழே இறக்கி, அவரும் வயிற்றில் வைத்துக்கொண்டார்.