பெரிய கேம்ஷாஃப்ட்

லிஜின் கடியப்பட்டணத்தில் மீன் ஏலம் எடுக்கிறவன். அங்கே ஒருவன் ஒரு மீனைக் குறை சொன்னால், அது அவனுக்கே வேண்டும் என்று அர்த்தம். அதனால்தான், தன் டர்போ காருக்கு, எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டில் பெரியதைக் கேட்டு வந்த இடத்தில், ஒர்க்‌ஷாப்காரன் ஜெயசிங் தன் கடையில் இருந்த அதையே குறை சொல்லத் தொடங்கியதும் அவனுக்குச் சந்தேகம் தட்டியது.

"டர்போவுக்கு இது வேண்டாம் மக்கா. ரெண்டு வால்வும் ரொம்ப நேரம் சேந்து தொறந்து கெடக்கும். டர்போ தள்ளுற காத்து அப்படியே சைலன்சர் வழியா போயிரும். சின்னத போடு, அது போதும்."

சின்னதுதான் விலையும் குறைவு. விலை குறைந்ததைத் தலையில் கட்டப் பார்க்கிற வியாபாரியை லிஜின் கண்டதில்லை. ஜெயசிங்கிடமும் ஒரு டர்போ கார் நின்றது.

"ஒனக்க வண்டியத் தொற. உள்ள எது கெடக்குன்னு பாக்கணும்."

ஜெயசிங் முறைத்தான். பிறகு தன் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்தது சின்னது. வருடக்கணக்கில் யாரும் தொடாத எண்ணெய்க் கறை அதில் படிந்திருந்தது.

லிஜின் குனிந்து வெகுநேரம் பார்த்தான். மனது அடங்கவில்லை.

"அப்போ அந்தப் பெரியத யாருக்கு வாங்கி வச்சிருக்க?"

"சொன்னா நம்பாத ஆளுகளுக்கு" என்றபடி ஜெயசிங் மூடியை மாட்டினான்.