நாலாவது கழுத்து

என் அண்ணியின் ரோஷத்துக்கு அண்ணன் போட்ட விலை பதினெட்டாயிரத்து நானூறு. பழைய இரும்பு வாங்கும் எடைக்கடைக்காரர் காருக்குச் சொன்னது பதினெட்டாயிரம்தான். டயர் நான்கும் புதுசு என்று பேசி மேலே நானூறு ஏற்றியவன் அண்ணன். பெண்டாட்டியின் காரைத் தலைமுழுகுகிற ஆத்திரத்திலும் பேரத்தைக் கைவிடாத குடும்பம் எங்களுடையது.

ஆணி, போல்ட், கம்பி, தாழ்ப்பாள் என்று இரும்புச் சாமான் மொத்த வியாபாரம். கல்லாவில் அண்ணன், கணக்கில் தங்கை நான். மீதிக்காசு வாங்காமல் எந்தக் கடைப் படியையும் இறங்கியதில்லை என்பதால் வீட்டில் எனக்குப் பெயர் சில்லறை. அண்ணி இந்த ஜாதகத்தில் சேராதவர். பஸ் டிப்போவில் என்ஜின் பிரிவில் ஃபிட்டர். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் நாங்கள் என்ன விலை என்று கேட்போம், அவர் என்ன அளவு என்று கேட்பார்.

இருபத்திரண்டு வயதான அந்தச் சின்னக் காரை அவர் தன் சம்பளத்தில் வாங்கியிருந்தார். மோட்டார் கிளப் வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் ஒருநாள் கார் ராலிக்காக. தகரக் கோப்பைதான் பரிசு. அதைக் கடையில் வாங்கினால் நுழைவுக் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. அண்ணி ஓட்டுவார்; நான் பக்கத்தில் உட்கார்ந்து வழிக் காகிதத்தையும் கடிகாரத்தையும் பார்ப்பேன். போன வருஷம் அறுபதாவது கிலோமீட்டரில் ஒரு கல் அடியில் அடித்து, எண்ணெய்த் தொட்டி உடைந்து, எண்ணெய் முழுக்க ரோட்டுக்குப் போய், என்ஜின் இறுகி நின்றது. காய்கறி லாரி ஒன்று எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. எங்கள் கடை வாசல் வழியாகத்தான். அன்று அண்ணன் பட்டப்பகலில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டான்.

அதிலிருந்து கார் எங்கள் கோடவுனில் கம்பிச் சுருள்களுக்கு நடுவே கிடந்தது. இந்த வருஷ ராலிக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் அண்ணன் எடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினான்.

"என் சம்பளத்துல வாங்கின கார்" என்றார் அண்ணி.

"நிக்கிறது என் அப்பா கட்டின கோடவுன்."

"அப்ப அவரே வந்து கேக்கட்டும்."

அப்பா சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். எடைக்காரர் பயத்தோடு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஒரு மாசம் கொடுங்க" என்றார் அண்ணி. "என்ஜினை நானே பிரிச்சுக் கட்டறேன். இந்தத் தடவை முடிச்சவங்க பட்டியல்ல என் பேர் வரலைன்னா நானே இவர் லாரியில ஏத்தி விடறேன். வந்துச்சுன்னா இந்த இடம் காருக்கு. அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது."

"யாரு?"

"இந்த வீட்டுல வாய் இருக்கிற வேற யாரு?"

எடைக்காரர் இருமினார். அண்ணன் சரி என்றான். பெண்டாட்டியிடம் தோற்பதாக இருந்தாலும் மூன்றாம் மனுஷன் முன்னால் பின்வாங்க மாட்டான்.

அண்ணி டிப்போ வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் என்ஜினோடு குடித்தனம் நடத்தினார். கழற்றியதையெல்லாம் எங்கள் கடையின் ஆணி டப்பாக்களில் பிரித்து வைத்தார். பிஸ்டன் ரிங்குகள் மாறின. எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் கனத்த தகடு ஏறியது. சிக்கல் எல்லாம் கிராங்கில் இருந்தது. பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிப்பதைச் சுற்றலாக மாற்றித் தரும் தண்டு அது. நான்கு பிஸ்டனுக்கு நான்கு இடத்தில் கண்ணாடி மாதிரி கழுத்துகள். ஒவ்வொரு கழுத்தையும் ஒரு ஜோடி அரைவட்ட பேரிங் கட்டிப் பிடித்திருக்கும், நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெய் வற்றியதில் கழுத்துகள் கீறிக்கிடந்தன. அவற்றைக் கால் மில்லிமீட்டர் தேய்த்துவிட்டு, அந்த அளவுக்குத் தடித்த பேரிங் போட வேண்டும்.

"அளவு நான் எழுதித் தரேன். விலையை நீ பேசு" என்றார் அண்ணி. என்னை நம்பி ஒருவர் ஒப்படைக்கக்கூடிய ஒரே வேலை.

கிராங்க் தேய்க்கும் மெஷின் எங்கள் பக்கத்தில் ஒருவரிடம்தான் உண்டு. கிரைண்டிங்காரர் தண்டைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கழுத்துக்கு ஆயிரம்மா. நாலாயிரம்."

"நாலும் ஒரே தண்டுலதானே ஐயா இருக்கு? தனித்தனியா நாலு வீட்டுக்கா போய்த் தேய்க்கப் போறீங்க? மூவாயிரம் போட்டுக்குங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "மூவாயிரம். சரி."

ஒழுங்கான பேரம் என்றால் எதிராளி மூன்று தடவை 'கட்டாதும்மா' சொல்ல வேண்டும், ஒரு தடவை பொருளை உள்ளே எடுத்து வைக்க வேண்டும், நாம் ஒரு தடவை படி இறங்கித் திரும்ப வேண்டும். இவர் எதுவும் செய்யவில்லை. எங்கள் வீட்டில் தொட்டில் பிள்ளைக்குக்கூட அப்போது சந்தேகம் வந்திருக்கும். எனக்கு ஆயிரம் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் காது அடைத்துக்கொண்டது.

ராலிக்கு நான்கு நாள் முன்பு, புதன்கிழமை, எண்ணெய்க் காகிதம் சுற்றித் தண்டு தயாராக இருந்தது. நான் ரசீதைப் பிரித்து 'கிராங்க் வேலை, மூவாயிரம்' என்பதை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். தண்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. ரசீது சரியாக இருந்தால் சரக்கும் சரி என்பது எங்கள் கடை வழக்கம்.

மறுநாள் அண்ணி மைக்ரோமீட்டரைக் கழுத்தில் வைத்தார். "ஒண்ணு, சரி. ரெண்டு, சரி. மூணு, அற்புதமா இருக்கு." நாலாவதை அளந்தார். துடைத்துவிட்டு அளந்தார். குறுக்கே திருப்பி அளந்தார்.

"சில்லறை, எவ்வளவுக்குப் பேசின?"

"மூவாயிரம்."

"அவர் என்ன கேட்டார்?"

"கழுத்துக்கு ஆயி..." என்று ஆரம்பித்த நான் அங்கேயே ஆணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கிரைண்டிங்காரரிடம் போய்ச் சண்டை போட்டுப் பார்த்தேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "நான் விலையைக் குறைக்கிறதே கிடையாதும்மா, வேலையைக் குறைச்சுக்குவேன். நாலாவதுலதான் கீறல் கம்மி. அதனால பாத்து அதை விட்டேன்" என்றார், ஏதோ உபகாரம் செய்தது மாதிரி.

"இன்னும் ஆயிரம் இந்தாங்க, இப்பவே தேய்ங்க."

"மெஷின்ல பஸ் கம்பெனி வேலை ஏறிடுச்சு. அடுத்த வாரம் வாங்க."

ராலி ஞாயிற்றுக்கிழமை.

வேறு வழியில்லாமல் அண்ணனிடம் சொன்னேன். கிரைண்டிங்காரர் சாணைக்கல் வாங்குவது எங்கள் கடையில்தான், அதுவும் கடனுக்கு. அண்ணன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கையில் போனோடு நேராகக் கோடவுனுக்கு வந்தான். அன்பாகத்தான் பேசினான், அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு போன் போட்டா இன்னிக்கே ஏத்திடுவார். ஆயிரத்தையும் நானே தரேன். ஒண்ணே ஒண்ணு. ஸ்டியரிங்ல என் சினேகிதன் உக்காரட்டும். அவன் பத்து வருஷமா ராலி ஓட்டறான். நீ பக்கத்துல உக்காந்து மேப் பாரு. பட்டியல்ல பேர் வரும், காரும் பிழைக்கும். எல்லாருக்கும் லாபம்."

எனக்குத் தலை ஆடப் பார்த்தது. கணக்காகப் பார்த்தால் அதை விட நல்ல பேரம் கிடையாது.

அண்ணி கைத்துணியில் விரல் விரலாக எண்ணெயைத் துடைத்தார். "யார் பேர் வரும்?"

"காரோட பேர்தான் முக்கியம்."

"கார் கேக்கலையே, நான்தானே கேட்டேன்? போனைக் கீழ வைங்க."

"அப்ப அரைகுறைக் கிராங்கை வச்சுட்டு என்ன பண்ணுவ?"

"அரைகுறையாவே கட்டுவேன். மூணுக்குத் தடிச்ச பேரிங், நாலாவதுக்குப் பழைய அளவு பேரிங். என் டிப்போவுல இதைப் பார்த்தா என் கையை வெட்டிடுவாங்க. நல்லவேளை, இது டிப்போ இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீயாவது புத்தி சொல்லு சில்லறை."

"அண்ணா, தப்பு பண்ணினது நான். சொல்ல இப்ப என்கிட்ட புத்தி இல்ல" என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் அவன் பக்கம் நிற்காமல் போனது அன்றுதான்.

பேரிங் கடைக்காரர் ஒரு ஜோடியைத் தனியாகத் தர மறுத்தார். நாலு ஜோடி சேர்ந்தது ஒரு செட், பிரிக்க முடியாது. தடித்ததில் ஒரு செட், பழைய அளவில் ஒரு செட் என்று இரண்டு வாங்கினோம். நான் பேசி மிச்சம் பிடித்த ஆயிரத்தை அந்தக் கடை முழுசாக விழுங்கி, மேலே முந்நூறும் கேட்டது. அன்று நான் ஒரு பைசா குறைத்துக் கேட்கவில்லை. அவரே குழம்பிப்போய், "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

அண்ணி சொரசொரப்பான எமரித் துணியை நாடாவாகக் கிழித்து, எண்ணெய் தொட்டு, அந்த நாலாவது கழுத்தை ஒரு மணி நேரம் கையாலேயே மெருகேற்றினார். சனிக்கிழமை மத்தியானம் என்ஜின் உயிர் பெற்றது. உறுமல் சுத்தம். ஆனால் சூடேறியதும் எண்ணெய் அழுத்த முள் ஒரு கோடு கீழே இறங்கி நின்றது.

"நாலாவதுல இடைவெளி கொஞ்சம் ஜாஸ்தி. அந்த வழியா எண்ணெய் நழுவுது" என்றார். "சூடானா நிமிஷத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு சுத்துக்கு மேல போகக் கூடாது. போனா பேரிங் போயிடும்."

"அப்ப நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதே?"

"முடியாது."

அப்போதுதான் நான் கிளப்பின் விதிப்புத்தகத்தை எடுத்தேன். வழியில் ஐந்து சாவடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். தாமதமானால் நிமிஷக் கணக்கில் எழுதுவார்கள். எல்லாம் சேர்ந்து முப்பது நிமிஷத்தைத் தாண்டினால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

"அண்ணி, முப்பது நிமிஷம் நம்ம கையில இருக்கு. எல்லாரும் அதைத் தொடவே கூடாதுன்னு ஓடறாங்க. நாம செலவு பண்ணிடலாம். எங்க எவ்வளவுன்னு நான் பாத்துக்கறேன்."

அண்ணி முதல்முறையாக என்னை ஒரு கருவியைப் பார்ப்பது போல மரியாதையோடு பார்த்தார்.

ஞாயிறு காலை முப்பத்தோரு கார்கள். எங்களுக்குப் பின்னால், போட்டியில் இல்லாத ஒரு லாரி. எடைக்காரருடையது. அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கார் எங்கே நிற்கிறதோ அங்கேயே ஏற்றிவிட்டால் இழுவைக் கூலி மிச்சமாம்.

முதல் சாவடியில் நான்கு நிமிஷம் செலவு. இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் ஆறு. கார்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். நிதானமாக ஓட்டுவதற்கு அத்தனை கோபம் தேவைப்படும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நாலாவது சாவடிக்கு முன்னால் நீளமான ஏற்றம். வெயில் ஏறியிருந்தது. எடைக்காரரின் லாரிகூட எங்களைத் தாண்டியது. தாண்டும்போது அவர் தலையை நீட்டி, "அம்மா, டயரை ரொம்பத் தேய்க்காதீங்க! அதுக்குத்தான் நானூறு!" என்றார். பக்கத்தில் அண்ணன் சிரித்தான்.

அண்ணியின் கால் அமுங்கியது. நாலாயிரம். நாலாயிரத்து இருநூறு. அடியிலிருந்து டொக் டொக் என்று ஒரு மெல்லிய தட்டல்.

"அண்ணி, காலை எடுங்க!"

"சிரிக்கிறான் பாரு."

"சிரிப்புக்கு அங்க மார்க் போட மாட்டாங்க! எடுங்க! முள் செத்துப்போச்சு!"

காலை எடுத்தார். ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, என்ஜினை நிதானமாகச் சுற்றவிட்டு நின்றோம். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நிமிஷத்தையும் பல்லைப் பிடுங்குகிற மாதிரி எண்ணினேன். ஐந்தாவது நிமிஷம் தட்டல் நின்றது. முள் மெல்ல எழுந்தது. அண்ணி முகத்தில் ஒட்டியிருந்த தூசியை முழங்கையால் துடைத்தார்.

"போலாமா?"

"போலாம். மூவாயிரத்துக்கு மேல ஒரு சுத்துகூடக் கூடாது. கடைசிச் சாவடிக்கு எட்டு நிமிஷம் ஒதுக்கியிருக்கேன். அதுக்குள்ள உருட்டிட்டே வந்தாலும் போதும்."

"அவங்க முன்னாலயும் உருட்டிட்டேதான் போகணுமா?"

"தலையை நிமித்திட்டு உருட்டலாம். அதுக்கு எண்ணெய் செலவில்ல."

கடைசிச் சாவடியில் லாரி எங்களுக்கு முன்பே வந்து, பின்கதவைத் திறந்து சாய்வுப் பலகையும் போட்டு நின்றது. அண்ணி அந்தப் பலகைக்கு முக்கால் அடி முன்னால் காரை நிறுத்தினார். அதிகாரி அட்டையில் முத்திரை குத்தினார். முடித்த இருபத்துமூன்று கார்களில் நாங்கள் இருபத்துமூன்றாவது. பட்டியலின் கடைசி வரியில் அண்ணியின் பெயர், எழுத்துப்பிழை இல்லாமல்.

அண்ணன் இறங்கி வந்து என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கினான். காதிலிருந்த பென்சிலை எடுத்தான். அதிகாரி போட்ட கூட்டலை அவன் நம்பவில்லை, மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை கூட்டினான். நான் பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சொன்னேன்: நான்கு, மூன்று, ஆறு, ஏழு, எட்டு. ஆக இருபத்தெட்டு. அனுமதி முப்பது. கையிருப்பு இரண்டு நிமிஷம்.

அந்த இரண்டையும் அண்ணி அங்கேயே செலவு செய்தார். என்ஜினை அணைக்காமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, அண்ணன் முகத்துக்கு நேராக உறுமவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக இரண்டு நிமிஷம். பாக்கி ஒன்றுமில்லை.