இலவசத்தில் வந்த மூக்கு

எங்கள் கீழ் வீட்டில் ஓர் அண்ணியும் நாத்தனாரும் இருக்கிறார்கள். மற்ற வீடுகளில் இந்த ஜோடி எதற்கெல்லாம் சண்டை போடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் சண்டை போட்டது கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற மென்பொருளுக்காக. ஜன்னல் திறந்திருந்தால் காதில் விழத்தானே செய்யும்? மூடியிருந்தபோதும் விழுந்தது என்பது வேறு விஷயம்.

நாத்தனாருக்குத் தெருவில் 'ஸ்கேல்' என்று பெயர். நடை, பேச்சு, கோபம் எல்லாமே நேர்கோடு. ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள், முதலாளியின் குத்தல் பேச்சு தாங்காமல் வேலையை உதறிவிட்டு வந்தாள். அண்ணிக்கும் அதே படிப்பு. முன்னறையில் இரண்டு மேசைகளைப் போட்டு இருவரும் கடை விரித்தார்கள். மேசை வந்தது, விளக்கு வந்தது, வேலைதான் வரவில்லை. "திங்கட்கிழமை வரைக்கும் உன் நாற்காலி காலியாத்தான் இருக்கும்" என்று அந்த முதலாளி இனிக்க இனிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பேச்சை எடுத்தாலே ஸ்கேலின் முகம் சுண்டிப்போகும்.

அந்த வாரம்தான் இரும்பு கேட் செய்கிற பட்டறைக்காரர் வந்தார். "கேட்டுக்கு ஒரு தகடு டிசைன் வரைஞ்சு எடுத்துட்டு வாங்கம்மா. என் கட்டிங் மெஷின்ல ஓடிச்சுன்னா இனிமே என் வேலை எல்லாம் உங்களுக்குத்தான். சனிக்கிழமைக்குள்ள வேணும்."

எதில் வரைவது? அலுவலகத்தில் பழகிய பெரிய மென்பொருளுக்கு வருடா வருடம் வாடகை. நினைத்தாலே மயக்கம் வரும். ஸ்கேல், விலை மலிவான ஒன்றைச் சோதனைக்காக இறக்கிக்கொண்டாள். பிடித்திருந்தால் ஒரே தடவை பணம் கட்டினால் போதும். அண்ணி, காசே கேட்காத ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். ஆரம்பித்தது.

"இதுல பழைய ஆபீஸ்ல இருந்த அதே கமாண்டு, அண்ணி. கை தானா போகுது. யார் என்ன ஃபைல் அனுப்பினாலும் திறக்குது."

"நாலு நாள் போனா உன்னையே உள்ள விடாது, காசை வைன்னு சொல்லும். என்னோடது கேக்குதா?"

"உங்களோடது எதையும் கேக்காது, எதையும் சொல்லவும் சொல்லாது. வட்டம் போடுற பட்டனைத் தேடவே உங்களுக்கு அரை நாள் ஆச்சே!"

"தேடினேன், கிடைச்சுது. சந்தேகம்னு எழுதிப் போட்டா உலகத்துல எங்கேயோ ஒரு புண்ணியவான் உக்காந்து பதில் எழுதுறான். உன் காசுக்காரன் எழுதுவானா?"

"ஓசிக்கு வக்காலத்து வேற!"

அண்ணன்காரர் இந்த மாதிரி நேரங்களில் செருப்பைத் தேடுவார். கிடைத்ததும் ஆள் தெருமுனையில் இருப்பார்.

கடைசியில் ஆளுக்கொன்று வரைந்துகொண்டு சனிக்கிழமை பட்டறைக்குப் போனார்கள். எனக்கும் அந்த வழியில் ஒரு வேலை இருந்தது. இருந்ததாகவே வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில் ஸ்கேலின் கோப்பு. மெஷினோடு இருந்த கம்ப்யூட்டர் கிழட்டுக் கம்ப்யூட்டர். புதுக் கோப்பு எனக்குப் புரியவில்லை என்று கையை விரித்துவிட்டது. பழைய வகையில் மறுபடி சேமித்துத் தந்தால் திறக்கும். ஆனால் சோதனைக் காலம் முந்தின நாளோடு முடிந்துபோயிருந்தது. திங்கட்கிழமை நாற்காலி ஸ்கேலின் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும்.

அடுத்தது அண்ணியுடையது. சட்டென்று திறந்தது. பட்டறைக்காரர் தூசி படிந்த திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பட்டனைத் தட்டினார். தகட்டில் நீல நெருப்பு ஓடியது. கொடி வந்தது, இலை வந்தது, ஓரத்துப் பூ வந்தது. அண்ணியின் முகத்தில் வெற்றிக் களை. அதன் பிறகு, யாரும் எதிர்பாராத இடத்தில், ஒரு கொண்டை வந்தது.

அண்ணியின் களை போன இடம் தெரியவில்லை. "நிறுத்துங்க! அய்யோ, நிறுத்துங்க!"

"பாதியில நிறுத்தினா தகடு வீணாப்போயிடும்மா."

கொண்டைக்குக் கீழே நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, அதற்குக் கீழே கத்தி மாதிரி ஒரு மூக்கு, திறந்த வாய். அச்சு அசல் ஸ்கேல்.

விஷயம் இதுதான். இந்த மென்பொருள்களில் படத்தைக் கண்ணாடித் தாள்களை அடுக்குவதுபோல லேயர் லேயராக வரைவார்கள். வேண்டாததை மறைத்து வைக்கலாம். வளைவு போட்டுப் பழகிய சாக்கில், கோபம் வந்தபோதெல்லாம் அண்ணி ஒரு லேயரில் நாத்தனாரை வரைந்து மறைத்து வைத்திருக்கிறாள். அந்த இலவசமோ, மறைத்தது மறைக்காதது என்று பாராமல் எல்லாவற்றையும் மெஷினுக்கு அனுப்பிவிட்டது.

நெருப்பு அணைந்தது. பட்டறைக்காரர் தகட்டைப் பார்த்தார், ஸ்கேலைப் பார்த்தார், மறுபடி தகட்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவருக்குத் தோள் குலுங்கியது. ஸ்கேல் கிட்டே போய்க் குனிந்து, தன் மூக்கைத் தானே ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

"ஏன் அண்ணி, காசு குடுத்து வாங்கியிருந்தா இது வெளிய வந்திருக்குமா? அதுல மறைச்சது மறைஞ்சேதான் இருக்கும்."

"ஏதோ கோவத்துல..." என்று அண்ணி இழுத்தாள்.

"கோவத்துலயே இவ்ளோ நல்லா வரையறீங்களே. இந்த வளைவைப் பாருங்க, ஒரு இடத்துல ஒட்டு இருக்கா?" சொல்லிக்கொண்டிருந்தவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நேர்கோடு அப்படி வளைந்து சிரித்து நான் பார்த்ததே இல்லை. அண்ணியும் சேர்ந்துகொண்டாள். பட்டறைக்காரர் ஓர் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மெஷின் ஓடிச்சும்மா, அதுல குறை சொல்ல மாட்டேன்" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "ஆனா என் கஸ்டமர் கேட்ல யார் மூஞ்சியும் வரக்கூடாது. அதுக்கு யார் பொறுப்பு?"

"நான்" என்றாள் ஸ்கேல். "அண்ணி அவங்க ஓசியிலயே வரையட்டும், நல்லாத்தான் ஓடுது. நான் மலிவு விலைக்காரனை வாங்கி, அதுல ஒவ்வொரு லேயரா திறந்து பாத்துட்டுத்தான் உங்களுக்கு அனுப்புவேன். எனக்குத் தெரியாம ஒரு மூக்கு வெளிய போகாது."

"வாங்குற காசு?" என்றாள் அண்ணி.

"என்னை வரைஞ்சது யாரு? நீங்கதான் குடுக்கணும்."

பட்டறைக்காரர் அங்கேயே அடுத்த கேட்டின் அளவைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை கீழே போன் மணி அடித்தது. அப்போது மாடிப்படி பெருக்க வேண்டிய கட்டாயம் எனக்கு.

"இல்ல சார், வரல" என்றாள் ஸ்கேல். "அந்த நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க. எனக்கு இங்க ஒண்ணு இருக்கு. கொஞ்சம் ஆடுது, பரவாயில்ல."